மலையில் ஜில்லுன்னு இருக்குமா? கோடையில் ஏறுவோர் உஷார்!

"கீழே வெயில் கொளுத்துது, மேலே போனா ஜில்லுன்னு இருக்கும்" என்று மூட்டை கட்டுவோர் உண்டு. அது பாதிதான் உண்மை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஆனால் நிழல் இல்லாத புல்மேட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். காற்றில் வியர்வை உடனே காய்வதால் உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது.

காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் சூடான காற்று சரிவில் ஏறி மேகமாகத் திரளும். அப்புறம் இடி, மின்னல்தான். உச்சியில் ஒதுங்க இடம் ஏது?

எல்லாவற்றிலும் கொடியது தீ. காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு மேடு நோக்கித்தான் வேகமாக ஓடும்.

தேனி மாவட்டம் குரங்கணியை மறக்க முடியுமா? 2018 மார்ச் 11-ந் தேதி, மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 20 பேருக்கு மேல் பலியானார்கள். சென்னையில் இருந்து போன பெண்களும் அதில் அடக்கம்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்கவே கூடாது. விடிந்ததும் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். பீடி, தீப்பெட்டி வேண்டவே வேண்டாம்.

புகை தெரிந்தால் மேட்டைப் பார்த்து ஓடாதீங்க. புல் இல்லாத பாறைப் பக்கம் ஒதுங்குங்க!