கடல் இல்லாத ஊரில் கடல் செய்தி

ஐதராபாத்தில் கடல் இல்லை. ஊரைச் சுற்றிப் பாறைகள்தான் இருக்கின்றன. ஊர் நடுவே உசேன் சாகர் என்ற பெரிய ஏரி உண்டு. குதுப் சாகி மன்னர் காலத்தில், 1563-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த ஏரி அது. அதில் பாய்மரப் படகுப் போட்டிகூட நடக்கும். ஆனாலும் ஏரி ஏரிதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும்.

அந்த ஊரில் கடலுக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பெயர் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள். 1999-ஆம் ஆண்டு இதை மத்திய அரசு தொடங்கியது. இங்கு வேலை செய்பவர்கள் வலை வீசுவதில்லை. படகு ஓட்டுவதில்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் இராமேசுவரத்துக்கும் குளச்சலுக்கும் தினமும் கடல் செய்தி அனுப்புகிறார்கள்.

கடலைப் பார்க்காமல் கடலைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்?

வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை கடலின் நிறத்தையும் சூட்டையும் அளக்கின்றன. கடலில் ஆங்காங்கே மிதவைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவை அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் அளந்து அனுப்புகின்றன. இந்தக் கணக்கெல்லாம் ஐதராபாத்துக்கு வந்து சேர்கிறது.

மீன் இருக்கும் இடம்

முதலில் மீன் செய்தியைப் பார்ப்போம்.

கடலில் கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் மிதக்கின்றன. அவை பச்சை நிறம் கொண்டவை. பாசி நிறைந்த இடத்தில் தண்ணீரின் நிறம் மாறும். பாசியைத் தின்னச் சிறிய உயிர்கள் வரும். அவற்றைத் தின்ன மத்தியும் நெத்திலியும் வரும். அவற்றைத் தின்னச் சூரையும் வஞ்சிரமும் வரும். எனவே பச்சை எங்கே என்று தெரிந்தால் மீன் எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் இடத்திலும் மீன் கூடும்.

இதையெல்லாம் மீனவர்கள் முன்பே அறிவார்கள். தண்ணீரின் நிறம் பார்ப்பார்கள். பறவைகள் எங்கே விழுந்து எழுகின்றன என்று பார்ப்பார்கள். ஆனால் மனிதக் கண்ணுக்கு எட்டும் தூரம் கொஞ்சம். செயற்கைக்கோளின் கண்ணுக்கு எட்டும் தூரம் அதிகம். வேறுபாடு அவ்வளவுதான்.

மீன் செய்தி எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பாருங்கள். "உங்கள் துறையிலிருந்து தென்கிழக்கே 30 கிலோமீட்டர். ஆழம் 40 மீட்டர்." இப்படித் திசை, தூரம், ஆழம் மூன்றும் இருக்கும். தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் இந்தச் செய்தி வருகிறது. போன இடத்தில் கட்டாயம் மீன் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. மேகம் மூடிக் கிடந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அன்று செய்தியும் இல்லை. மீன்பிடித் தடைக் காலத்திலும் செய்தி வராது. ஆனால் செய்தி வரும் நாளில் தேடி அலைவது குறையும். டீசல் மிச்சமாகும்.

40 மீட்டர் ஆழம் என்றால் எவ்வளவு? ஒரு முதிய மீனவரிடம் கேட்டால் "22 பாகம்" என்பார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. கயிற்றில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். பிறகு கயிற்றைக் கை விரித்து அளப்பார்கள். அளவுகோல் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

காற்றுக்கு எத்தனை பெயர்!

கரையில் இருப்பவருக்குக் காற்று வெறும் காற்று. கடலில் இருப்பவருக்கு அப்படி இல்லை. வடக்கிலிருந்து வருவது வாடை. அது குளிர்ந்த காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். அது மழை மேகத்தைக் கொண்டுவரும். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோளகம். ஊருக்கு ஊர் இந்தத் திசைகள் சற்று மாறும். ஒரு துறையில் கச்சான் என்பது நேர் மேற்கு. இன்னொரு துறையில் அது தென்மேற்கு.

கடல் நீரோட்டத்துக்கும் பெயர் உண்டு. தென் மாவட்டங்களில் அதை நீவாடு என்பார்கள். வலை எந்தப் பக்கம் இழுக்கும், படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதை நீவாடுதான் முடிவு செய்கிறது.

விஞ்ஞானிகள் பேசும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றைச் சொல்லும்போது அது வரும் திசையைச் சொல்வார்கள். நீரோட்டத்தைச் சொல்லும்போது அது போகும் திசையைச் சொல்வார்கள். "வடக்குக் காற்று" என்றால் வடக்கிலிருந்து வருகிறது. "வடக்கு நீரோட்டம்" என்றால் வடக்கு நோக்கிப் போகிறது. இது தெரியாமல் செய்தியைப் படித்தால் எல்லாம் தலைகீழ் ஆகிவிடும். படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது போலும்.

நம் கடல் சொற்களில் ஒன்று உலகம் சுற்றியிருக்கிறது. அது கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் அதைக் கேட்டுக் கேட்டமரன் என்றார்கள். இன்று இரட்டை அடித்தட்டு உள்ள பெரிய கப்பல்களுக்கும் உலகம் முழுவதும் அதுதான் பெயர்.

கூண்டு தெரியாத தூரம்

"துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." வானொலியில் இதைக் கேட்காதவர் இல்லை. ஒன்று என்றால் தொலைவில் புயல் உருவாகலாம் என்று பொருள். எண் கூடக் கூட ஆபத்து கூடும். பத்து என்றால் பேராபத்து. பதினொன்று ஒன்று இருக்கிறது. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்பது அதன் பொருள்.

கூண்டு கரையில் தொங்குகிறது. கரையைத் தாண்டிப் போனவருக்கு அது எப்படித் தெரியும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்ற ஊர்கள் இருக்கின்றன. இங்குள்ளவர்கள் தங்குகடல் தொழில் செய்பவர்கள். பல நூறு கிலோமீட்டர் போவார்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தது. அது மிக விரைவாக வலுத்துவிட்டது. அப்போது பல படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கைபேசிக்கு அங்கே தொடர்பு கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

அதன் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. அது ஒரு சிறு பெட்டி. செயற்கைக்கோள் வழியாக இன்காய்ஸ் அனுப்பும் செய்தியை வாங்கி, படகில் இருப்பவரின் கைபேசியில் காட்டும். கைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் ஒரு குறை. செய்தியைப் பெறலாம். பதில் சொல்ல முடியாது. "படகு மூழ்குகிறது, காப்பாற்றுங்கள்" என்று அதில் சொல்ல வழி இல்லை. ஆபத்துச் செய்தியைப் படகிலிருந்தும் அனுப்பக்கூடிய வேறு கருவியை இஸ்ரோ உருவாக்கியது. அதை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கியது.

பெயர் தெரியாத அலை

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. சில இடங்களில் கடல் உள்வாங்கியது. அது எதற்கு அடையாளம் என்று தெரியாமல் மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். "சுனாமி" என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பிறகுதான் கேட்டோம். அது சப்பானியச் சொல். துறைமுக அலை என்பது அதன் பொருள்.

புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். அன்று செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் தகவல் மையம் ஒன்று இருந்தது. அலை உயரத்தைச் சொல்வதற்காக அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதில் அறிவித்தார்கள். ஊரே எழுந்து ஓடியது. உயிர்கள் தப்பின.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமுலு என்று ஒரு தீவு. பூமி அதிர்ந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே சுமார் 78,000 பேர் இருந்தார்கள். அலை சில நிமிடங்களில் வந்தது. வீடுகள் போயின. ஆனால் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

எப்படி? அவர்கள் மொழியில் "சுமோங்" என்று ஒரு சொல் இருக்கிறது. 1907-ஆம் ஆண்டிலும் அங்கே இப்படி ஓர் அலை வந்து பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பெரிதாகப் பூமி அதிர்ந்து கடல் உள்வாங்கினால் சுமோங் வருகிறது, மேட்டுக்கு ஓடு. இதுதான் பாடம். 2004-இல் யாரோ "சுமோங்!" என்று கத்தினார்கள். எல்லோரும் ஓடினார்கள். அங்கே கருவி எதுவும் இல்லை. ஒரு சொல் இருந்தது.

இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஐதராபாத் இன்காய்ஸ் அலுவலகத்தில் தொடங்கியது. கடலுக்கு அடியில் பெரிய அதிர்வு ஏற்பட்டால் சுமார் பத்து நிமிடத்தில் அங்கே தெரிந்துவிடும்.

கள்ளன்போல் வரும் கடல்

நம் பக்கத்து மீனவர்களிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. அது கள்ளக்கடல். கேரள மீனவர்கள் சொல்வது. கன்னியாகுமரிக் கரையிலும் வழங்குகிறது. தமிழருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வானம் தெளிவாக இருக்கும். காற்று இருக்காது. மழை இருக்காது. ஆனால் கடல் திடீரென்று கரையேறும். படகுகளைப் புரட்டும். வீட்டுக்குள் புகும். சொல்லாமல் வருவதால் கள்ளன்.

இது எங்கிருந்து வருகிறது? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெரும் சூறைக்காற்று வீசும். அது எழுப்பும் அலை வடக்கு நோக்கிப் புறப்படும். வழியில் தடுக்க நிலம் இல்லை. பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். காற்று அங்கே, அடி இங்கே. குளத்தின் ஒரு கரையில் கல்லைப் போட்டால் மறுகரையில் நீர் தளும்புவது போல.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் சில விநாடிக்கு ஒன்றாக வரும். கள்ளக்கடல் அலைகள் ஏறத்தாழ 15 முதல் 20 விநாடிக்கு ஒன்றாக வரும். இடைவெளி நீளமானால் அலையும் நீளமானது. அதில் தண்ணீர் அதிகம், வேகம் அதிகம். ஆகவே கரையில் வெகுதூரம் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம் வரும். சுனாமி வேறு, இது வேறு. சுனாமிக்குக் காரணம் பூமி அதிர்வு. இதற்குக் காரணம் காற்று.

இதற்கு விஞ்ஞானிகள் புதுப்பெயர் தேடவில்லை. மீனவர் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் யுனெஸ்கோ அமைப்பும் அந்தச் சொல்லை ஏற்றது. உலக விஞ்ஞானிகளின் கட்டுரைகளிலும் இன்று அது "கள்ளக்கடல்"தான். 2020 முதல் இன்காய்ஸ் இதற்கென்று தனி முன்னறிவிப்பு கொடுக்கிறது. அலை தெற்கிலிருந்து கிளம்பியதைக் கணக்கிட்டு, இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்ல முடிகிறது.

2024 மே மாதத் தொடக்கத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது. மீனவர்களுக்கு அந்தச் சொல் புரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு? மே 6 அன்று காலை கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் இறந்தனர். படிப்பில் அவர்களுக்குக் குறை இல்லை. கடலின் சொல் அவர்கள் படித்த பாடத்தில் இல்லை.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் செய்தியில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்த மணி முதல் எந்த மணி வரை. இரண்டு, எந்தக் கரை முதல் எந்தக் கரை வரை. அந்த நேரத்தில் கடலில் குளிக்கக் கூடாது. அலை காலைத் தொடும் இடத்தில்கூட நிற்கக் கூடாது. கரையில் உள்ள படகுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். துறைமுகத்தில் கட்டிய படகுகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மோதி உடையும். அன்று வெயில் அடிக்கலாம். கடல் அமைதியாகத் தோன்றலாம். முதல் அலை சிறியதாகவும் இருக்கலாம். அதை நம்பி இறங்கக் கூடாது. செய்தியில் சொன்ன நேரம் முடியும் வரை கரையேறியே இருக்க வேண்டும்.