பழைய மோட்டார் காருக்கு இழுவைக் கொக்கி பொருத்துதல்

ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். ஆனால் பட்டை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டுவதில்லை. பத்துப் புடவைகளை மடிமீது வைத்துக்கொண்டே வேலூருக்குப் போய்விடலாம். நெல்லின் சங்கதி வேறு. ஆரணியைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து அரிசி ஆலைகளுக்கு நாலைந்து மூட்டைகளை மாத்திரம் கொண்டுபோக வேண்டிய மிராசுதார், லாரி வாடகையைக் கணக்கிட்டுப் பார்த்து, வீட்டிலுள்ள பழைய ஜீப்பிலோ அம்பாசிடரிலோ சிறு டிரெயிலரைப் பூட்டிவிட்டால் என்ன என்று எண்ணுவது இயல்பே. அவ்வாறு எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டியது யாதெனில், கொக்கியை எதில் பூட்டுகிறோம் என்பதேயாம்.

ஜீப்புக்கு அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் உண்டு. யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனியார் தங்கள் ஜீப்பைக் குடியானவருக்குரிய வண்டியென்று விற்கத் தொடங்கினர். 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் அதன் பாகங்களை இந்தியாவுக்குத் தருவித்தனர். அச்சட்டத்தின் பின் குறுக்குச் சட்டத்தில் கொக்கியைப் பூட்டுவது கடினமான காரியமன்று. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடரோ வேறு ஜாதி. அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகடுகளாலான உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே அதில் கொக்கியைப் பம்பரில் பூட்டுவது பெருந்தவறு. பம்பர் என்பது இடி தாங்குவதற்கன்றி இழுப்பதற்கு ஏற்பட்டதன்று. பின்பெட்டித் தளத்துக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டி வடிவான தண்டுகளிலேயே பூட்ட வேண்டும். அத்தண்டுகள் உள்ளே கூடானவை. ஆதலால் போல்ட்டு செல்லும் வழியில் குழாய்த் துண்டைச் செருகி, மேலும் கீழும் கனத்த தகடு வைத்து முடுக்காவிடில் தண்டு நசுங்கிவிடும். தலையில் 8.8 என்று பொறித்த வலுவான போல்ட்டுகளையே கொள்க. துரு அரித்த தகட்டில் எவ்வளவு நல்ல போல்ட்டும் பயன்படாது. சுத்தியலால் தட்டிப் பார்த்து, மண்போல் உதிருமாயின் அக்காரை இழுவைக்கு விலக்கிவிடுவதே உத்தமம். பெட்ரோல் டாங்கியைக் கழற்றாமல் அதனருகில் வெல்டிங் செய்ய எந்த மேஸ்திரியையும் அனுமதிக்கலாகாது.

இனி, எவ்வளவு பாரம் இழுக்கலாம்? இஞ்சின் இழுக்கும் என்பது விடையாகாது. பிரேக்கு நிறுத்துமா என்பதே கேள்வி. பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே உண்டு. பிரிட்டனில், தனக்கென்று பிரேக்கு இல்லாத டிரெயிலரின் மொத்த எடை 750 கிலோவையோ இழுக்கும் காரின் எடையில் பாதியையோ, இவற்றில் எது குறைவோ அதனை, மீறலாகாதென்பது விதி. நமக்கும் அதுவே நல்ல அளவு. கார் 1,100 கிலோவாயின் டிரெயிலர் சரக்குடன் 550 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டிரெயிலரே 200 கிலோ நிறுக்குமாயின் 75 கிலோ மூட்டைகள் நாலு ஏற்றலாம். ஐந்தாவது மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்க்கு முன்பாரம் பின்பாரம் என்பவற்றை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரு சக்கர டிரெயிலரிலும் நிலைமை இதுவே. ஆனால் இங்கே மாடு முரண்டு செய்து எச்சரிப்பதில்லை. பின்பாரமான டிரெயிலர் வேகம் கூடியதும் பாம்புபோல் நெளியத் தொடங்கிக் காரின் வாலையே இப்புறமும் அப்புறமும் வீசும். அவ்வேளையில் திடீரென்று பிரேக்கு மிதித்தவர்கள் குடைசாய்ந்ததுண்டு. ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேகம் தானே தணிய விடுவதே முறை. கொக்கியின் மீது அழுந்தும் பாரம் மொத்த எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை இருந்தால் போதுமானது. மேற்கண்ட நாலு மூட்டைக் கணக்கில் அது 35 முதல் 50 கிலோ ஆகும். நெல் நிறுக்கும் மேடைத் தராசின் மீது, கொக்கியின் உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் டிரெயிலரின் மூக்கை வைத்து, கட்டையின் எடையைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். குறைந்தால் ஒரு மூட்டையை முன்னே நகர்த்துக.

கொக்கி கழன்றாலும் டிரெயிலர் தனியே ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் கொக்கியின் கீழ்க் குறுக்காக மாட்டுவது அவசியம். பின்விளக்கும் திரும்பும் விளக்கும் டிரெயிலரில் எரிய வேண்டும். கண்ணமங்கலம் சாலையில் இருட்டியபின் விளக்கில்லாத வண்டியின்மேல் மோதுவது மோட்டார் சைக்கிளில் வரும் ஏழை நெசவாளியாக இருக்கக்கூடும்.

சட்ட விஷயத்தைக் கிராம அதிகாரிகளும் கவனித்தல் நன்று. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆதலால் துளையிடுமுன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நலம். பதினைந்து வருஷம் கடந்த கார் மறுபதிவுக்காக எப்படியும் அங்கே பரிசோதனைக்குப் போயாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து டிரெயிலரைப் பாலிசியில் சேர்த்துக்கொள்க. டிரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் எண் பக்கவாட்டில் காணப்பட வேண்டும். அன்றியும், காரின் பின்பலகையை டிரெயிலர் மறைத்துவிடுமாகையால், இழுக்கும் காரின் எண்ணையும் டிரெயிலரில் எழுத வேண்டுமென 61-ஆம் பிரிவு விதிக்கிறது.