வேம்புக்கு வந்த வழக்கு

புதுக்கோட்டை ஜில்லாவில் கீரமங்கலம் என்றவுடன் பூந்தோட்டங்களே நினைவுக்கு வரும். மல்லிகை பூக்குமிடத்தில் மொட்டைத் துளைக்கும் புழுவும் வரத்தானே செய்யும்? பூச்சி மருந்து கடையில்தான் உண்டு என்றெண்ணும் நேயர்களுக்கு, வேலியோரத்து வேம்பைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

அரிசிப் பானையில் வேப்பிலையிட்டும், நொச்சித் தழையைப் புகைத்துக் கொசுவை விரட்டியும் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தீண்டுவதில்லை என்று 1962-ல் டில்லி விவசாய ஆராய்ச்சியாளர் பிரதானும் அவர் குழுவினரும் எழுதினர். அதிலுள்ள அஸாடிராக்டின் என்னும் சத்து பூச்சியின் பசியைக் கெடுக்கிறது. புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது.

இப்பழஞ் செல்வத்துக்கும் அன்னியர் உரிமை கோரினர். பயிர்ப் பூஞ்சணத்தை வேப்பெண்ணெயால் ஒழிக்கும் முறைக்கு அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வழக்காடினர். இந்தியாவில் முன்பே வழங்கிய முறையென்று கண்டு 2000-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று. 2005-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று.

வழக்கில் வென்றோம், வீட்டில் மறக்கலாமா? உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்துச் செடிகளில் தெளியுங்கள். வெயில் வீரியத்தைக் குறைக்குமாதலால் மாலை வேளையே உசிதம்.

ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சேமியுங்கள். கொல்லையில் கேட்பாரற்று மட்கும் அந்த விதையின் பொருட்டே அத்தனை காலம் அன்னிய நாட்டில் வழக்கு நடந்தது!