ஐந்தாவது பங்கு

கோயம்புத்தூர் 1866இல் நகராட்சியானது. அதன் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ், காப்பி வியாபாரத்துக்காக வந்த ஆங்கிலேயர். 1862இல் இங்கே பள்ளிக்கூடம் திறந்தவரும் 1888இல் ஊரின் முதல் நூற்பாலையைக் கட்டியவரும் அவர்தான். தொழில் நடத்துகிறவரே ஊர்க்காரியத்தையும் தலையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அவருக்குப் பிறகு ஆலை நடத்த வந்தவர்களில் பலர் பருத்தி விளைந்த காடுகளிலிருந்து வந்த குடியானவர்கள். மதுரைக்குக் கோயிலும் அரசும் இருந்தன. சென்னைக்குக் கோட்டையும் துறைமுகமும் இருந்தன. கோவைக்கு வாய்த்தது பருத்திக்கு ஏற்ற கரிசல் மண், பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் குளிர்ந்த காற்று, ஆண்டில் சில மாதம் மட்டும் ஓடும் நொய்யல் ஆறு. மற்றதில் பெரும்பகுதி ஊரார் கேட்டு வாங்கியது, அல்லது கைக்காசு போட்டுச் செய்துகொண்டது.

கேட்டு வாங்கியவற்றில் முதலில் சொல்ல வேண்டியது தண்ணீர். நகரத்துக் கிணறுகளில் உப்புத்தண்ணீர்தான். மேற்கே மலையில் விழும் சிறுவாணியைக் குழாயில் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியும் பேசியும் வந்தவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. அவர் பத்திரிகை நடத்தியவர். யோசனை காகிதத்திலேயே கிடந்தது. அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் பிளேக் வந்தது. நெருக்கடியான தெருக்களில் எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்குவது அன்றைய வழக்கம். நகரில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் மிச்சம். நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான் பழைய ஊருக்கு மேற்கே அகலமான தெருக்களோடு புதுக் குடியிருப்பு எழுந்தது. 1930ஐ ஒட்டிச் சிறுவாணியும் ஊருக்குள் வந்தது. அவர் பெயர் ஆர்.எஸ். புரம் என்று இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அங்கே கடைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்துகளின் விரிவு தெரியும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது மின்சாரம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவரை நீராவியையும் எண்ணெய் இன்ஜினையும் நம்பியிருந்த ஆலைத்தொழிலுக்கு மலிவான மின்சாரம் கிடைத்ததும் அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் மில்கள் பெருகின. 1933இல் ஆலை உரிமையாளர்கள் தங்களுக்கென்று சைமா என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். மில் என்றால் ஓயாத தேய்மானம். ஒரு பல்சக்கரம் உடைந்தால் இங்கிலாந்திலிருந்து மாற்று வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உடைந்ததை மாதிரியாக வைத்து மண்ணில் அச்செடுத்து, இரும்பை உருக்கி ஊற்றி, லேத்தில் கடைந்து எடுக்க உள்ளூர்ப் பட்டறைகள் பழகிக்கொண்டன. கோவையின் இன்ஜினியரிங் தொழில் இப்படி ஸ்பேர் பார்ட்ஸ் செய்யப் போய்த்தான் வளர்ந்தது.

அந்தப் பட்டறைகளுக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்தார்: விவசாயி. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை, பாறையை வெட்டி இறக்கியவை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி ஏற, தோல்பையில் நீர் இறைக்கும் கவலைதான் தலைமுறைகளாக இருந்த ஏற்பாடு. மின்மோட்டாரும் பம்பும் வந்தபோது ஒரு சிக்கலும் கூட வந்தது. சாதாரண மையவிலக்கு பம்ப் நீரை மேலே தள்ளுவதில் சூரன். கீழிருந்து உறிஞ்சுவதில் அவ்வளவு சமர்த்து போதாது. காற்றழுத்தத்தின் வரம்பு காரணமாக நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழே இருக்கும் நீரை அது இழுக்கத் திணறும். ஆகவே மோட்டாரையும் பம்பையும் கிணற்றுக்குள்ளேயே, பாறையில் மேடை வெட்டி உட்காரவைத்தார்கள். கோடையில் நீர் இறங்கினால் மேடையும் இறங்கும். மழை பிடித்தால் நள்ளிரவில் ஆட்களைக் கூட்டிக் கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்க வேண்டும். தவறினால் மூழ்கி, காயில் எரிந்து, ரீவைண்டிங் கடைக்குப் போகும். ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வரும்வரை இதுதான் நிலைமை. எந்த இடத்தில் எது பழுதாகும் என்பது செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சமமாகத் தெரிந்திருந்தது. செய்தவரே காட்டுக்காரராகவும் இருந்ததுதான் காரணம்.

கைக்காசு போட்டுச் செய்துகொண்டவற்றில் ஊர் இன்றும் எடுத்துச் சொல்வது பீளமேட்டுக் கதை. பூளைப்பூ மண்டிய மேடாக இருந்ததால் பூளைமேடு, அதுவே பீளமேடு என்கிறார்கள். அங்கே பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் 1926இல் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. கோயிலுக்கோ சத்திரத்துக்கோ எழுதிவைப்பது அந்தக் காலத்தில் வாடிக்கை. இவர்கள் அந்தப் பணத்தில் பட்டறையும் தொழில்பயிற்சியும் சேர்ந்த ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். விற்பனைக்கான பம்பும் மோட்டாரும் அங்கேயே தயாராயின. பயிலும் பையன்கள் அதே கூரையின் கீழ் கையில் கிரீஸோடு நின்றார்கள். 1947இல் கலைக்கல்லூரி, 1951இல் பொறியியல் கல்லூரி என்று அறக்கட்டளை விரிந்தது. பொறியியல் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன் 1948இலேயே கலைக்கதிர் என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் தொடங்கியிருந்தார். ஆலையும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊரிலிருந்து அப்படி ஓர் இதழ் வந்தது பொருத்தம்தான்.

ஜி.டி. நாயுடு வேறு வார்ப்பு. 1893இல் கலங்கலில் பிறந்தார். பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டவில்லை. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமானது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். சவரக்கத்தியிலிருந்து வானொலி வரை அவர் கைவைக்காத பொருள் குறைவு. 1945இல் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி எழக் காரணமாக இருந்தார். படிப்புக்கு இத்தனை ஆண்டு எதற்கு, பாதிக் காலம் போதாதா என்பது அவருடைய ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் அவர் வெல்லவில்லை. கல்லூரி மட்டும் நிலைத்தது. அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தடாகம் சாலையில் இருக்கிறது.

பெரிய பெயர்களுக்கு வெளியே, சமையலறையில் நுழைந்த ஒரு பொருளையும் சொல்ல வேண்டும். 1955இல் பி. சபாபதி என்பவர் கோவையில் வெட் கிரைண்டரை உருவாக்கினார். வீட்டு ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவிதான் சுற்றும். கிரைண்டரில் அது தலைகீழ்: குழவி நின்ற இடத்தில் நிற்க, மோட்டார் உரலைச் சுற்றுகிறது. வேகம் குறைவு, சூடு ஏறாது, உளுந்து பொங்கிப் பந்தாக வரும். கொத்த ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், சுற்ற உள்ளூர் மோட்டார், பாத்திரத்தை வளைக்க உள்ளூர்ப் பட்டறை என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்த வரலாற்றை முதலாளிகளின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசிக்கொள்ளும் ஊர் இது. அந்த மரியாதை கூலியைக் கூட்டித் தந்துவிடவில்லை. வேலைநேரம், பஞ்சப்படி, போனஸ் எல்லாம் போராடிப் பெற்றவை. தொழிற்சங்கத்தைக் கட்டிய என்.ஜி. ராமசாமி 1943இல் இளம்வயதிலேயே இறந்தார். அந்தப் போராட்டங்களின் காலத்தில், ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையத்தில் அவர்கள் நினைவு இன்றும் ஆண்டுதோறும் போற்றப்படுகிறது. மில் சம்பளம் நிலையாக வரத்தொடங்கிய பிறகே தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த ஐந்தாவது பங்கு கட்டிய வகுப்பறைகளுக்குள் போக முடிந்தது.

மில்களின் காலம் தேய்ந்துவிட்டது. நலிந்த ஆலைகள் பல 1974இல் நாட்டுடைமையாகி தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் போயின. 2020 மார்ச் ஊரடங்கில் அந்த எந்திரங்கள் நின்றன. தனியார் மில் நிலங்கள் சில வணிக வளாகங்களாக மாறிவிட்டன. பஸ் நடத்துநர் மட்டும் இன்னமும் ‘லட்சுமி மில்’ என்றுதான் குரல் கொடுக்கிறார். இன்றைய கோவையைச் சுமப்பது கணபதியிலும் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சந்துகளிலும் உள்ள ஜாப் ஆர்டர் பட்டறைகள். தகரக் கூரை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். முதலாளியே முதல் ஷிப்ட் ஆள். பெரிய கம்பெனி கொடுக்கும் வார்ப்பைக் கடைந்து கொடுத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். வேலை இல்லாத மாதத்திலும் மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் கட்ட வேண்டியிருப்பது இவர்களின் பெரிய குறை. 2022 கட்டண உயர்வுக்குப் பின் கதவடைப்பும் உண்ணாவிரதமும் நடத்தியதில் இவர்கள் முன்வரிசை. 1969இல் தொடங்கிய கொடிசியா போன்ற சங்கங்கள் அரசோடு பேசினாலும், சந்துப் பட்டறைக்காரரின் குரல் தனியாகவே ஒலிக்கிறது.

தர்மத்தின் முறையும் மாறியிருக்கிறது. சாந்தி கியர்ஸ் நிறுவனர் பி. சுப்பிரமணியம் 1996இல் தொடங்கிய சாந்தி சோஷியல் சர்வீஸ், சிங்காநல்லூரில் மலிவு விலை உணவகமும் மருத்துவ வசதியும் நடத்துகிறது. அதன் பெட்ரோல் பங்க்கில், விலை ஏறினாலும் பழைய விலைக்கு வாங்கிய சரக்கு தீரும்வரை பழைய விலையே என்பது ஊரறிந்த நடைமுறை. 2020இல் மறைந்த அவர் கடைசிவரை படம் எடுத்துக்கொள்ளவே கூச்சப்பட்டவர். உணவகத்தில் சாப்பிட்டவர்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது.

தண்ணீரோ மறுபடியும் ஊரின் கவலையாகிவிட்டது. நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியே நிரம்பும் பழைய குளங்கள் வண்டலும் சாக்கடையுமாகக் கிடந்தன. 2003இல் தொழில் நிறுவனங்கள் முன்நின்று சிறுதுளி அமைப்பைத் தொடங்கின; 2013இல் உக்கடம் பெரியகுளத்தில் பொதுமக்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் களப்பணிக்குக் கூடும் குளங்கள் பாதுகாப்பு அமைப்புக்குப் பின்னால் ஆலை இல்லை, அறக்கட்டளை இல்லை. கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் குளக்கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தபோது ஊர் இரண்டுபட்டது. மாலை நடைக்கு இடம் கிடைத்ததென்று ஒரு சாரார் மகிழ, பறவைகள் இறங்கும் சரிவுக்கரையைக் கான்கிரீட் தின்றுவிட்டது என்றார்கள் சூழலியலாளர்கள். தூர்வாருவதும் வாய்க்காலைத் திறந்துவிடுவதும் தன்னார்வலர்களால் முடிகிற வேலை. குளத்தில் சாக்கடை கலப்பதை நிறுத்தப் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும்; அந்த வேலை மாநகராட்சியுடையது.