இருதய நோய்க்காரர் பல் பிடுங்கலாமா?

“டிரஸர் ஐயா, நான் நெஞ்சு வலிக்காரன். பல்லுக்கு ஊசி போட்டா உயிருக்கே ஆபத்தாமே?” வீங்கின கன்னத்தோடு ஒரு பெரியவர் வந்து கேட்டார். மூன்று வாரமாய் அவருக்குக் கிராம்பு எண்ணெயும் பனடோலும்தான் வைத்தியம். ராத்தூக்கம் கிடையாது.

அன்பர்களே, இந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. பல் ஊசியில் பெரும்பாலும் இரண்டு மருந்து இருக்கும். ஒன்று லிக்னோகேய்ன், 1943-இல் சுவீடன் நாட்டில் கண்டுபிடித்தது. ஈறை மரத்துப்போகச் செய்வது இதுதான். மற்றது அட்ரினலின். ரத்தக் குழாயைச் சுருக்கி, மரப்பு சீக்கிரம் தெளியாமல் பிடித்து வைக்கும், ரத்தப்போக்கையும் குறைக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். நம்ம ஆளுங்க கேள்விப்பட்டது இதைத்தான்.

அளவைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு ஒரு பங்கு கலந்த 1.8 மில்லி குப்பியில் இருப்பது 0.018 மில்லிகிராம் அட்ரினலின். இருதய நோயாளிக்கு மொத்தம் 0.04 மில்லிகிராமுக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு குப்பியோடு, நிறுத்துவது வழக்கம். ஊசி ரத்தக் குழாயில் இறங்கவில்லையே என்று பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாகச் செலுத்துவார்கள். அட்ரினலின் இல்லாத ஊசியும் உண்டு. ஆனால் ஒன்று: வலி அடங்காவிட்டால், அந்த வலியிலும் பயத்திலும் நம் உடம்பே அட்ரினலினைச் சுரந்து தள்ளும். வலியைப் பொறுத்துக்கொள்கிற வீரமெல்லாம் இருதயத்துக்கு ஆகாது.

ஆபத்து எங்கே என்றால், “ஒரு நோயுமில்லே டாக்டர்” என்று மறைப்பதில்தான். கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அட்ரினலின் சேர்ந்தால் பிரஷர் திடீரென்று ஏறலாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு முதலில் ரத்தச் சோதனை வேண்டும். ரத்தம் நிற்காதென்று பயந்து நீங்களாக வார்ஃபரினையோ ஆஸ்பிரினையோ நிறுத்திவிடாதீர்கள். அடைப்பு வந்தால் பல்லைவிடப் பெரிய நஷ்டம். வால்வு மாற்றினவர்கள் அதைச் சொன்னால், முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து தருவார்கள். மாரடைப்பு வந்து சில வாரமே ஆகியிருந்தால், அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுவார்கள். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

பெரியவருக்குக் கடிதம் எழுதி, இருதய கிளினிக் கார்டோடு செபராங் ஜெயாவுக்கு அனுப்பினேன். மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான். ஒரே குப்பிதான் போட்டார்களாம். மறுநாள் வந்தவர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை, “எப்ப ஐயா முறுக்கு கடிக்கலாம்?” என்றுதான் கேட்டார்.