அணுயுத்தம் மூளுமா?

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், 83 வயது நிரம்பிய இராஜாஜி அவர்கள் அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்பதே அவர்கள் கொண்டு சென்ற வேண்டுகோள். அதன்பின் ஒரு திங்கள் கழிவதற்குள், கியூபாத் தீவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது வெளியாயிற்று. உலகம் அணுயுத்தத்தின் வாயிலில் நின்றது. அன்று அந்த யுத்தம் மூளவில்லை. இனி மூளுமா என்ற கேள்வி மட்டும் இன்றும் நம்மை விட்டு நீங்கியபாடில்லை.

இதற்கு நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கணக்கிட்டு விடை கூறுதல் இயலாது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த பின்னர், அணு ஆயுதம் எப்போரிலும் வீசப்பட்டதில்லை. ஆயினும், அத்தகைய யுத்தம் எவ்வழியாக வரக்கூடும் என்பதை நாம் ஆராயலாம். வழிகள் இரண்டு. வேண்டுமென்றே தொடுப்பது ஒன்று. தவறுதலாக மூண்டுவிடுவது மற்றொன்று.

முதல் வழிக்கு அச்சம் ஓர் அணையாக நிற்கிறது. இன்று ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. அடிப்பவனும் அழிவான் என்பதை அனைவரும் அறிவர். அணுயுத்தத்தில் எவரும் வெல்ல முடியாது, ஆகவே அதனைத் தொடுக்கவே கூடாது என்று 1985-இல் ரேகனும் கோர்பச்சேவும் ஜெனீவாவில் கூட்டாக அறிவித்தனர். ஆனால், இரண்டாம் வழிக்கு அச்சம் அணையாவதில்லை. அஞ்சியவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயன்றோ!

கியூபா நெருக்கடியின்போது, 1962 அக்டோபர் 27 அன்று நிகழ்ந்ததைக் காண்போம். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை மேலே வரச் செய்வதற்காக, அமெரிக்கக் கடற்படையினர் எச்சரிக்கை வெடிகளை நீருக்குள் வீசினர். கப்பலுக்கோ மாஸ்கோவுடன் தொடர்பு அற்றிருந்தது. உள்ளே தாங்கொணாத வெப்பம். யுத்தம் தொடங்கிவிட்டதென்று எண்ணிய கப்பல் தலைவர், அணுகுண்டு பொருத்திய நீர்மூழ்கிக் குண்டை ஆயத்தப்படுத்தச் சொன்னார் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். அவரை அமைதிப்படுத்தியவர் வாசிலி அர்கிப்போவ் என்னும் அதிகாரி. கப்பல் மேலே வந்தது, பேராபத்து நீங்கியது. அக்கப்பலில் அணுகுண்டு இருந்ததை வெடி வீசியவர்கள் அன்று அறியார்!

1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன என்று சோவியத் யந்திரங்கள் அறிவித்தன. அன்றிரவு காவற்பொறுப்பில் இருந்தவர் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். தாக்க நினைப்பவன் ஐந்தே கணைகளை ஏவுவானா என்று அவர் சிந்தித்தார்; இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயர்ந்த மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியையே செயற்கைக்கோள் ஏவுகணையென மயங்கிற்று என்பது பின்னர்ப் புலனாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உலகைக் காத்தது ஒருவர் நின்று நிதானித்த சில நிமிஷங்களே. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஏவுகணை பறந்து செல்லச் சுமார் 30 நிமிஷம் ஆகும். இந்தியாவும் பாகிஸ்தானுமோ அண்டை வீட்டார். இங்கு அக்கால அளவு இன்னும் மிகக் குறைவு. தலைநகர் தில்லியிலும் எல்லையோர மாநிலங்களிலும் வாழும் தமிழ் மக்கள் இதனைத் தொலைதூரத்துச் செய்தியாகக் கருதுதல் இயலாது. 2022 மார்ச் 9 அன்று, பராமரிப்பு வேலையின்போது நம் நாட்டு ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானில் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. இந்தியா வருத்தம் தெரிவித்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அண்டை நாடு அவசரப்படாததை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். போர்ப்பதற்றம் மிகுந்ததொரு நாளில் அது நிகழ்ந்திருப்பின் என்னவாகியிருக்கும்?

ஆகவே, இன்றியமையாத் தேவை சிந்திக்க அவகாசமும், பேசிக்கொள்ள வழியுமாகும். கியூபா நெருக்கடியில் தலைவர்களின் கடிதங்கள் போய்ச்சேரப் பல மணி நேரம் பிடித்தது. அப்பாடம் கற்றதன் பயனாக, 1963-இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தந்தித்தொடர்பு அமைந்தது. நம் துணைக்கண்டத்திலும் ஏற்பாடுகள் உண்டு. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கலாகாது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 1999-இல் நேர்ந்த கார்கில் போரும் இவ்வழக்கத்தை முறிக்கவில்லை. வளைபாதை ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டி அறிவிக்க 2005-இல் ஒப்புக்கொண்டனர். ஆனால், 2022-இல் தவறிப் பறந்தது தாழப் பறக்கும் வேறு வகை. அவ்வகை இந்த ஒப்பந்தத்தில் அடங்காது. அடைக்க வேண்டிய துளைகள் இன்னும் உள்ளன என்பதற்கு இதுவே சான்று.

அணுயுத்தம் மூளுமா என்பது ஜாதகம் பார்த்துச் சொல்லும் விஷயமன்று. பொறுப்பிலுள்ளவர்க்குச் சிந்திக்க எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் சாத்தியம் கூடும், குறையும். அந்த நிமிஷங்களைக் கூட்டுவது அரசுகளின் கடமை. நெருக்கடி நேரும் நாளில், ‘உடனே அடி’ என்ற கூச்சலில் கலந்துகொள்ளாமல், ஆட்சியாளர் நிதானிக்க இடந்தருவது நம் போன்ற குடிமக்களின் கடமை.