மூன்று மணிக்குப் பெரட்டு

விடியற்காலை மூன்று மணி. “பெரட்டுக்கு நேரமாச்சு, தூக்குச்சட்டி எங்கே?” என்று பாட்டி கதவைத் தட்டுவார். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இப்போது சுங்கை பெசாரில் எங்களோடு இருக்கிறார். அவருக்கு அல்சைமர் நோய். எழுந்துபோய் சமாதானப்படுத்திப் படுக்க வைப்பவர் எப்போதும் அம்மாதான்.

1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் இந்நோயை முதன்முதலில் விவரித்தபோது, அவர் எடுத்துக்காட்டிய நோயாளியும் ஒரு பெண்தான். இன்றும் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களே. பெண்கள் நீண்ட காலம் வாழ்வது ஒரு காரணம். ஆனால், அது மட்டுமே என்று ஆய்வாளர்கள் கருதவில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில், மூளைக்குத் துணையாக இருக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பதால் தூக்கமும் கெடுகிறது. பள்ளிப் படிப்புக் குறைவும் ஓர் அபாயக் காரணம். பாட்டி தலைமுறைப் பெண்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள்?

தூக்கம் எங்கே வருகிறது? மூளை வேலை செய்யும்போது அமிலாய்டு பீட்டா என்ற புரதம் கழிவாக உருவாகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிந்து கிடப்பது இதுதான். எலிகள் உறங்கும்போது மூளைச் செல்களுக்கு இடையிலான இடம் சுமார் 60 விழுக்காடு அகன்று, திரவம் ஓடி இக்கழிவை அலசுவதாக 2013-இல் ஓர் ஆய்வு கூறியது. 2024-இல் வேறோர் எலி ஆய்வு இதை மறுத்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. மனிதர்களிடம் கண்டது வேறு வகை. அமெரிக்காவில் 20 பேரை ஒரே ஓர் இரவு விழித்திருக்கச் செய்தபோது, மூளையின் நினைவுப் பகுதியில் அமிலாய்டு ஏறக்குறைய 5 விழுக்காடு கூடியது. பிரிட்டனில் சுமார் 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்தனர். 50 வயதில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வருவது, ஏழு மணி நேரம் உறங்கியவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

அதற்காக, இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடியதுதான் பாட்டியை இப்படி ஆக்கியது என்று சொல்லிவிட முடியாது. எனக்குச் சொல்லத் தோன்றியது, உண்மைதான். ஆனால் இந்நோயே, அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். எது முன், எது பின் என்பது எளிதில் பிடிபடாது.

எஸ்.பி.எம். தேர்வுக்காக நான் இரண்டு மணி வரை விழித்திருந்த நாள்களில் கவலைப்பட்டது என் தூக்கத்தைப் பற்றித்தான். அம்மாவுக்கு வயது 52. அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று போன மாதம் ஒரு வாரம் குறித்து வைத்தேன். ஒரு நாள்கூட ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை.

அந்தத் தாளை அண்ணனிடம் காட்டினேன். இப்போது வெள்ளி, சனி இரவுகளில் பாட்டியின் அறையில் அவன் படுக்கிறான். மற்ற நாள்களில் இரண்டு நாள் என் முறை. “இன்னைக்கு மழை பாட்டி, மரம் வெட்ட மாட்டாங்க” என்கிறான். பாட்டியும் நம்பிப் படுத்துக்கொள்கிறார்.